பதிவேட்டில் ஏறும் பெயர், ஏறாத புகார்: காவல் துறையின் தகவல் அமைப்புகளும் ஒடுக்கப்பட்டோரும்

‘கேடி’ என்னும் சொல்லை அறியாத தமிழர் இல்லை. திரைப்படங்களிலும் தெருப் பேச்சிலும் அது இயல்பாகப் புழங்குகிறது. ஆனால் அது மக்கள் நாவில் பிறந்த சொல் அன்று; சென்னை மாகாணக் காவல் நிலையங்களின் தாள்களில் பிறந்த சொல். வழக்கமாகக் கொள்ளையில் ஈடுபடுபவர் எனக் காவல் துறை கருதியவரை ‘நோன் டெப்ரடேட்டர்’ என்று பதிவேட்டில் எழுதினர். அதன் முதலெழுத்துகளான கே.டி. என்பதே ‘கேடி’ ஆயிற்று. அலுவலகக் குறியீடு ஒன்று மனிதர்களின் பட்டப்பெயராக மாறி, ஒன்றிரண்டு தலைமுறைகளுக்குள் வசைச் சொல்லாகவும் நிலைத்துவிட்டது.

குற்றத்தையும் பாதுகாப்பையும் அரசு எவ்வாறு கையாள்கிறது என்பதை அறிய வேண்டுமானால், அது எத்தகைய தகவலைத் திரட்டுகிறது, யாரைப் பற்றித் திரட்டுகிறது, யாருடன் பகிர்கிறது, யாருக்கு மறுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒடுக்கப்பட்டோர் ஐயத்துக்குரியவராக நிற்கும்போது அரசின் நினைவாற்றல் வியக்கத்தக்கதாக இருக்கிறது; அதே மக்கள் கொடுமைக்கு உள்ளானவராகக் காவல் நிலைய வாசலில் நிற்கும்போது அந்த நினைவு மங்கிவிடுகிறது. இவ்விரண்டும் தனித்தனிக் குறைகள் அல்ல, ஒரே அமைப்பின் இரு பக்கங்கள் என்பதே நம் வாதம். அந்த அமைப்பின் வரலாற்றையும் இன்றைய சட்ட நிலையையும், அதனை எதிர்கொள்ள நம்மிடம் உள்ள வழிகளையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

கைரேகைச் சட்டம்

1871-ஆம் ஆண்டின் 27-ஆவது சட்டமாக ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. ஒரு மரபினரோ கும்பலோ வகுப்பினரோ பிணையில் விட முடியாத குற்றங்களைத் தொடர்ந்து செய்பவர்கள் என்று மாகாண அரசு கருதினால், அவர்கள் அனைவரையும் ‘குற்றப் பரம்பரை’ என்று அறிவிக்கலாம். அவ்வறிவிப்பை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்க இயலாது. செயலைத் தண்டிப்பதே குற்றவியல் சட்டத்தின் பணி என்ற நெறியை இச்சட்டம் கைவிட்டுப் பிறப்பையே குற்றச் சான்றாக ஆக்கியது. முதலில் வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் 1876-இல் வங்காளத்துக்கும், 1911-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் நீண்டது.

இங்கே குறவர், பிரமலைக் கள்ளர், மறவர் உள்ளிட்ட பல சமூகத்தினர் இதன் வலைக்குள் வந்தனர். பெயரைப் பதிவு செய்வதும் விரல் ரேகை வைப்பதும் கட்டாயமாயின. இரவில் காவல் நிலையத்திலோ குறிக்கப்பட்ட இடத்திலோ வந்து படுக்க வேண்டியிருந்தது. ஊரை விட்டு வெளியே செல்ல ‘ராதாரிச் சீட்டு’ வேண்டும். மதுரை வட்டாரத்தில் மக்கள் இதனைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்கள்மீது காவல் துறை சுட்டதில் பலர் உயிரிழந்தனர். பின்னாளில் சமூக ஏணியில் வெவ்வேறு படிகளில் நின்ற சாதிகள் அன்று ஒரே பதிவேட்டில் ஏற்றப்பட்டிருந்தன என்பதை நாம் மறக்கலாகாது. சாதிய ஆதிக்கம் குறித்த நம் விமர்சனம் இந்த வரலாற்றை மறைக்கக் காரணமாகக் கூடாது.

விரல் ரேகைத் தொழில்நுட்பத்தின் வரலாறும் இதனோடு பின்னியது. உலகின் முதல் விரல் ரேகைப் பணியகம் 1897-இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. வங்காளக் காவல் துறையின் தலைவராக இருந்த எட்வர்டு ஹென்றியின் பெயரால் அறியப்படும் வகைப்பாட்டு முறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இந்தியக் காவல் அலுவலர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1901-இல் ஹென்றி லண்டனின் ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்றபோது இம்முறையும் அங்கே சென்றது. குடியேற்ற நாட்டின் மக்களைக் கொண்டு பழகிய கண்காணிப்பு முறை எல்லை கடந்து உலக வழக்காயிற்று. நாடுகளுக்கிடையே காவல் துறைகள் ஒத்துழைக்கும் முறைமையின் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

சட்டம் நீங்கியது, பதிவேடு நீங்கவில்லை

நெடிய போராட்டங்களின் விளைவாகச் சென்னை மாகாணம் 1947-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்று அது நீங்கியது. அந்நாளையே சீர்மரபினர் தங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றனர். ஆயினும் 1948-இலேயே சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. வேறு பல மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின. சமூகத்தின் பெயர் சட்டத்திலிருந்து அகன்றது. ஆனால் கண்காணிப்பவரின் கண், அதே குடியிருப்புகளை நோக்கியே பழகியிருந்தது.

இன்று தமிழ்நாட்டில் ‘சரித்திரப் பதிவேடு’ எனப்படுவது காவல் துறை நிலையாணைகளின்கீழ் பேணப்படும் ஆவணம். சட்டமன்றம் இயற்றிய சட்டம் அன்று, நிர்வாக ஆணை. குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை பெற்றோர் மீது மட்டுமல்லாமல், தண்டனையே பெறாத ஒருவர் குற்றப் பழக்கம் உடையவர் என்று நம்பப்பட்டாலும் உயரதிகாரியின் உத்தரவில் தாள் திறக்கலாம். ‘நம்பப்படுதல்’ என்ற அளவுகோலே இங்கு சாதிக்கும் வறுமைக்கும் கதவு திறந்துவிடுகிறது. யார் மீது எளிதில் ஐயம் எழுகிறதோ அவர் மீதே எளிதில் தாள் திறக்கப்படும்.

உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங்கின் வழக்கு இதன் தன்மையை நன்கு விளக்கும். 1941-இல் கொள்ளை வழக்கொன்றில் அவர் பிடிக்கப்பட்டார். சான்று இல்லை என்று விடுவிக்கப்பட்டார். ஆயினும் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறக்கப்பட்டது. நள்ளிரவில் காவலர்கள் வீட்டுக் கதவைத் தட்டினர். ஊர் விட்டுச் சென்றால் அறிவித்துச் செல்ல வேண்டியிருந்தது. 1962 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் நள்ளிரவு வீட்டுச் சோதனையை மட்டும் செல்லாது என்றது; மற்றக் கண்காணிப்புகளை அனுமதித்தது. தனிமையுரிமை என்பது அரசமைப்பு உறுதிசெய்த உரிமை அன்று என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில், தனிமையுரிமையை மறுத்த அந்தக் கருத்தைத் தள்ளுபடி செய்தது. உரிமை ஏற்கப்பட 55 ஆண்டுகள் ஆயின. காவல் நிலையத் தாள்கள் அக்காலம் முழுதும் இயங்கிக்கொண்டே இருந்தன.

பெயர் ஏறினால் என்ன நேர்கிறது

பதிவேட்டில் பெயர் ஏறுவது தண்டனை அன்று என்பது அரசின் வழக்கமான விடை. நடைமுறை வேறு. ஊரில் திருட்டு நடந்தால் முதலில் அழைக்கப்படுபவர் பதிவேட்டில் உள்ளவர். தேர்தலுக்கும் திருவிழாவுக்கும் தலைவர்களின் வருகைக்கும் முன்பாக நன்னடத்தைப் பிணை கேட்டு அழைப்பு வரும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவாக இருந்த இவ்வதிகாரம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 129-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. தமிழ்நாட்டில் காவல் துணை ஆணையர்களுக்கே நிர்வாக நடுவர் அதிகாரம் அளித்து, ஐயுறுபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒரே துறையினர் ஆகும் நிலையை அரசாணைகள் உருவாக்கியிருந்தன. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைச் செல்லாதவை என்று அறிவித்தது.

அடுத்த படி, 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14-ஆவது சட்டம். மக்கள் வழக்கில் ‘குண்டர் சட்டம்’. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ பிறப்பிக்கும் உத்தரவினால், விசாரணையோ தண்டனையோ இன்றி ஒருவரை 12 மாதங்கள் வரை அடைத்து வைக்கலாம். அவ்வுத்தரவுக்குக் காவல் நிலையத்தின் கோப்பே அடித்தளமாகிறது.

வேலைவாய்ப்பிலும் இத்தாள் குறுக்கே நிற்கிறது. தமிழ்நாடு காவல் துறையில் சேர விரும்பும் இளைஞர் ஒரு வழக்கில் விடுவிக்கப்பட்டிருந்தாலும், அவ்விடுதலை ‘சந்தேகத்தின் பலன்’ அடிப்படையிலோ புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ வந்திருந்தால், அவர் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார் என்று பணி விதி கூறுகிறது. சேரிக்கும் ஊருக்கும் மோதல் நேர்ந்து இரு தரப்பிலும் வழக்குகள் பதிவாகும்போது, முதல் தலைமுறைப் பட்டதாரியான தலித் இளைஞரின் பெயரும் குற்றம் சாட்டப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. வழக்கு தோற்றுப் போகும். ஆனால் அவருடைய பணி வாய்ப்பும் அதனோடு போய்விடும். வன்கொடுமைப் புகாருக்கு எதிராக அளிக்கப்படும் எதிர்ப்புகாரின் வலிமை இங்கேதான் உள்ளது. நீதிமன்றத்தில் அது வெல்ல வேண்டிய தேவையே இல்லை.

தாளிலிருந்து கணினிக்கு

2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நிகழ்ந்த பின், காவல் நிலையங்கள் தகவல் பரிமாறிக்கொள்ள இயலாத நிலை பெரும் விவாதமாயிற்று. 2009-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த குற்றம் மற்றும் குற்றவாளிகள் கண்காணிப்பு வலையமைப்பு (சி.சி.டி.என்.எஸ்.) சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டம். நாட்டின் காவல் நிலையங்களை ஒரே வலையில் அது இணைக்கிறது. காவல், நீதிமன்றம், சிறை, தடய அறிவியல், அரசு வழக்குரைஞர் ஆகியோரின் தரவுகளை இணைக்கும் மற்றோர் அமைப்பும் இதன்மேல் கட்டப்பட்டது.

மாநில எல்லை தாண்டித் தப்புபவரைப் பிடிக்க இவை உதவுகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. காணாமல் போன குழந்தையையும் கடத்தப்பட்ட பெண்ணையும் கண்டறிய இத்தகைய இணைப்பு தேவை. நம் கேள்வி வேறு. ஒரு காவல் நிலையத்தின் எழுத்தர் தம் சாதிப் பார்வையோடு எழுதிய ஒரு வரி முன்பு அந்நிலையத்தின் அலமாரியில் கிடந்தது. இன்று அதே வரி கணினியில் ஏறினால் நாடெங்கும் உள்ள காவல் நிலையங்களில் ‘தரவு’ என்னும் மதிப்போடு தோன்றும். எழுதியவரின் முன்முடிவு திரையில் தெரிவதில்லை.

2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் இதனை மேலும் விரித்தது. 1920-ஆம் ஆண்டுச் சட்டம் விரல், கால் ரேகைகளையும் வரையறுக்கப்பட்ட அளவில் ஒளிப்படங்களையும் மட்டுமே அனுமதித்தது. புதிய சட்டத்தின்கீழ் கண்ணின் கருவிழிப் படலம், விழித்திரை, உடற்கூறு மாதிரிகள், அவற்றின் பகுப்பாய்வு, கையொப்பம், கையெழுத்து உள்ளிட்ட நடத்தைக் கூறுகள் ஆகியவற்றையும் எடுக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கும். சட்டத்தைச் செயற்படுத்தும் எந்த அமைப்போடும் பகிரலாம்.

முன் தண்டனை இல்லாத ஒருவர் அனைத்து மேல்முறையீடுகளும் முடிந்து விடுவிக்கப்பட்டால் அவருடைய பதிவை அழிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நீதிமன்றமோ நடுவரோ வேறுவிதமாக உத்தரவிடலாம். நடைமுறை விதிகளோ அழிக்கக் கோரும் விண்ணப்பத்தை மாநில அரசு நியமித்த பொறுப்பு அலுவலரிடம் கொடுக்க வேண்டும் என்கின்றன. ஆக, தம் ரேகை எங்கே இருக்கிறது என்று அறிந்து, உரிய அலுவலரைத் தேடி, தீர்ப்பின் நகலோடு விண்ணப்பிக்க வேண்டிய சுமை, விடுவிக்கப்பட்ட கூலித் தொழிலாளியின் தோளில் விழுகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே துணை நிற்காது. குற்றத் தடுப்புக்கும் புலனாய்வுக்கும் தரவைக் கையாளுவதற்கு 17-ஆம் பிரிவு விரிவான விலக்கு அளிக்கிறது. அரசு அமைப்புகளையே சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கி அறிவிக்கவும் மத்திய அரசுக்கு அதில் அதிகாரம் உண்டு.

எல்லை தாண்டும் தகவல்: இருவேறு நீதி

பன்னாட்டுக் காவல் ஒத்துழைப்பின் மையம் பிரான்சின் லியோன் நகரில் தலைமையகம் கொண்ட இன்டர்போல். 196 நாடுகள் அதில் உறுப்பினர். இந்தியாவில் மத்தியப் புலனாய்வுத் துறை (சி.பி.ஐ.) அதன் தொடர்பு அலுவலகமாக இயங்குகிறது. மாநிலக் காவல் துறைகளின் வேண்டுகோள்கள் விரைந்து செல்ல 2025 ஜனவரி 7 அன்று ‘பாரத்போல்’ என்னும் இணைய வாயில் தொடங்கப்பட்டது.

இன்டர்போலின் விதிகளில் நம் கவனத்துக்குரிய இரண்டு கூறுகள் உள்ளன. அரசியல், இராணுவ, சமய, இன அடிப்படையிலான செயல்களில் அது ஈடுபடக் கூடாது என்று அதன் அமைப்புச் சட்டத்தின் 3-ஆம் உறுப்பு தடை செய்கிறது. மேலும், அதன் கோப்புகளை மேற்பார்வையிடத் தனித்தியங்கும் ஆணையம் ஒன்று உண்டு. தம்மைப் பற்றி என்ன தரவு உள்ளது என்று எவரும் அவ்வாணையத்திடம் கேட்கலாம். தவறானதை நீக்கவும் கோரலாம். தகவல் கோரும் விண்ணப்பத்துக்கு 4 மாதங்கள், நீக்கக் கோரும் விண்ணப்பத்துக்கு 9 மாதங்கள் என்று கால வரம்பும் உள்ளது.

பஞ்சாப் தேசிய வங்கியில் சுமார் 13,000 கோடி ரூபாய் மோசடி நடந்ததாகக் கூறப்படும் வழக்கில் தேடப்பட்ட வைர வணிகர் மெகுல் சோக்சி இவ்வழியையே நாடினார். அவர் மீதான சிவப்பு அறிவிக்கையை இன்டர்போல் நீக்கிய செய்தி 2023 மார்ச்சில் வெளியாயிற்று. அவர் குற்றவாளியா இல்லையா என்பது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியது. அவர் மேல்முறையீடு செய்த உரிமையையும் நாம் குறை கூறவில்லை. அந்த உரிமையே நம் அளவுகோல். பன்னாட்டுக் கோப்பில் ஏறிய பெயருக்கு ஓர் ஆணையமும் கால வரம்பும் விண்ணப்ப முறையும் உண்டு. உள்ளூர்க் காவல் நிலையத்தின் சரித்திரப் பதிவேட்டில் ஏறிய பெயருக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. தம் பெயர் அதில் இருப்பதையே பலர் ஒரு நள்ளிரவு விசாரணையின்போதுதான் அறிகின்றனர். நீக்கக் கோர வேண்டுமானால் வழக்குரைஞரை அமர்த்தி உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும்.

ஏறாத புகார்

இனி மறுபக்கத்தைக் காண்போம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டு 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் உள்ளது. அதனையும் 1995-ஆம் ஆண்டு விதிகளையும் ஒரு தகவல் சட்டமாகவும் படிக்கலாம். வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை மாநில அரசு கண்டறிய வேண்டும். மாநிலத் தலைமையிடத்தில் பாதுகாப்புப் பிரிவு அமைத்து, அலுவலர்களின் அலட்சியம் குறித்தும் விசாரிக்க வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கூட வேண்டும். மாவட்டக் குழு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை கூட வேண்டும். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் 60 நாட்களுக்குள் புலனாய்வை முடிக்க வேண்டும். மத்திய அரசு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும்.

ஆக, ஒடுக்கப்பட்டோரைக் காக்கவும் தகவல் திரட்டச் சட்டம் அரசைக் கட்டாயப்படுத்துகிறது. சரித்திரப் பதிவேட்டுக்கோ நிலையாணை போதும். சட்டத்தின் கட்டாயம் உடைய பணி காத்திருக்கிறது. நிர்வாக ஆணையில் நிற்கும் பணி தவறாமல் நடக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் 2021-இல் 50,900, 2022-இல் 57,582. இவை நிகழ்ந்த கொடுமைகளின் எண்ணிக்கை அல்ல, பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. பதிவு செய்ய மறுக்கும் காவல் நிலையம் கணக்கில் அமைதியான காவல் நிலையமாகத் தோன்றும். எனவே எண்ணிக்கை கூடுவதை மட்டும் கொண்டு கொடுமை கூடியதென்றோ, குறைவதைக் கொண்டு நல்லிணக்கம் மலர்ந்ததென்றோ முடிவு கட்டுவது தவறு. மறுபுறம், நாட்டின் மக்கள்தொகையில் 2011 கணக்கெடுப்பின்படி 16.6 விழுக்காடாக உள்ள பட்டியல் சாதியினர், சிறைவாசிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராக இருக்கின்றனர். 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்; அதாவது குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாதவர்கள்.

எல்லை என்னும் சாக்கு இங்கே எவ்வாறு பயன்படுகிறது என்பதற்கு, ‘ஜெய் பீம்’ திரைப்படத்துக்கு அடிப்படையான வழக்கு சான்று. 1993-இல் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், திருட்டு விசாரணைக்கென அழைத்துச் செல்லப்பட்ட குறவர் சமூகத்தவர் ஒருவர் காவலில் சித்திரவதையால் இறந்தார். அவர் தப்பியோடிவிட்டதாகக் காவல் துறை கூறியது. அவருடைய உடலோ அடுத்த மாவட்ட எல்லைக்குள் அடையாளம் தெரியாத உடலாகக் கிடந்தது. நகை திருட்டுக்கு ஒரு சமூகத்தையே தேடிப் போகத் தெரிந்த அரசுக்கு, மாவட்ட எல்லைக்கு அப்பால் கிடந்த உடலையும் ‘தப்பியோடியவரையும்’ இணைத்துப் பார்க்கத் தெரியவில்லை. அவருடைய மனைவியின் விடாப்பிடியும், ஆட்கொணர்வு மனுவும், வழக்குரைஞர் சந்துருவின் உழைப்புமே உண்மையை வெளிக்கொணர்ந்தன.

இன்று எல்லையைக் காட்டிப் புகாரைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. குற்றம் எந்த நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு கூறுகிறது. அதே பிரிவின் 3-ஆம் உட்பிரிவு, 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடமளிக்கிறது. வன்கொடுமைப் புகாரில் இதனைக் காட்டிக் காலம் கடத்த முயல்வோர் உண்டு. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்க்கப்பட்ட 18அ பிரிவு, முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. 2018 மார்ச் 20 தீர்ப்புக்கு எதிராக ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் தலித் மக்கள் நடத்திய முழு அடைப்பில் பலர் உயிரிழந்தனர். அந்த உயிர்களின் விலையில் வந்த பிரிவு அது.

உச்ச நீதிமன்றம் 2024-இல் கூறியவை

2024 மே 7 அன்று அமானத்துல்லா கான் வழக்கில், சரித்திரப் பதிவேடு காவல் துறையின் உள் ஆவணமே, பொது ஆவணம் அன்று என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சமூக, பொருளாதார, கல்வி நிலைகளில் பின்தங்கியவர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் பெயர்களை இயந்திரத்தனமாக இத்தாள்களில் ஏற்றும் போக்கை அது சுட்டிக்காட்டியது. இணை ஆணையர் நிலைக்குக் குறையாத மூத்த அலுவலர் பதிவுகளைக் காலமுறைப்படி தணிக்கை செய்ய வேண்டும் என்றது. டெல்லியில் எழுந்த அவ்வழக்கின் நெறியை எல்லா மாநிலங்களும் கருத்தில் கொள்ளவும் பணித்தது.

2024 அக்டோபர் 3 அன்று, இதழாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சாதி அடிப்படையில் சிறைப் பணிகளைப் பிரிக்கும் விதிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று நீதிமன்றம் தீர்த்தது. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான பத்தியை நீக்கவும் உத்தரவிட்டது. ‘வழக்கமான குற்றவாளி’ என்ற சொல்லுக்கு, மாநிலச் சட்டம் தரும் வரையறைக்கு அப்பாற்பட்ட பொருளைச் சிறை விதிகள் தரலாகாது என்றது. சீர்மரபினர் தன்னிச்சையாகக் கைது செய்யப்படாதிருப்பதைக் காவல் துறை உறுதி செய்ய வேண்டும் என்றும் கூறியது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து அடைத்தது இத்தீர்ப்பில் பேசப்படுகிறது. மோதலைத் தவிர்க்கவே பிரித்து வைக்கிறோம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஜெனிவாவில் மூடும் கதவு

குற்றவாளியைத் தேடும்போது எல்லைகளைத் திறக்கச் சொல்லும் அரசு, சாதிக் கொடுமை குறித்துப் பன்னாட்டு மன்றம் வினவும்போது அது உள்நாட்டு விவகாரம் என்கிறது. இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, ‘மரபுவழி’ என்ற சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று 2002-இல் தன் 29-ஆவது பொதுப் பரிந்துரையில் விளக்கியது. இந்தியா இதனை ஏற்கவில்லை. 2007-இல் இந்தியாவின் அறிக்கையை ஆராய்ந்த அக்குழு, சீர்மரபினர்மீது களங்கம் தொடரக் காரணமான வழக்கமான குற்றவாளிகள் சட்டத்தை நீக்கப் பரிந்துரைத்தது. தேசிய மனித உரிமை ஆணையமும் இத்தகைய சட்டங்களை நீக்கப் பரிந்துரைத்துள்ளது. 2017-இல் உச்ச நீதிமன்றம் தனிமையுரிமையை ஏற்றபோதும், 2024-இல் பதிவேடுகளைக் கண்டித்தபோதும், அச்சட்டங்களின் செல்லுபடி நேரடியாக ஆராயப்படவில்லை. எனவே நீக்கக் கோரும் போராட்டம் சட்டமன்றங்களை நோக்கியே இனியும் நடக்க வேண்டியிருக்கிறது.

களப்பணியாளர்களுக்கும் மாணவர்களுக்கும்

நடைமுறையில் செய்யக்கூடியவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

முதலாவதாக, மாவட்டக் கண்காணிப்புக் குழு கூடிய நாட்கள், கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், வன்கொடுமை நிகழக்கூடியவையாகக் கண்டறியப்பட்ட ஊர்களின் பட்டியல் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். இவை தனிநபர் தகவலும் அல்ல, புலனாய்வைக் குலைப்பவையும் அல்ல. மறுப்பதற்குச் சட்டக் காரணம் காண்பது கடினம்.

இரண்டாவதாக, சரித்திரப் பதிவேடுகள் எத்தனை, தண்டனை பெறாதோர் பெயரில் திறக்கப்பட்டவை எத்தனை, 2024 மே தீர்ப்புக்குப் பின் தணிக்கையில் மூடப்பட்டவை எத்தனை என்று எண்ணிக்கையாக மட்டும் கேட்கலாம். பெயர் கேட்டால் மறுப்பு வரும்; எண்ணிக்கை கேட்டால் விடை சொல்ல வேண்டிய கடமை எழும்.

மூன்றாவதாக, வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும், தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு ரேகை, ஒளிப்படப் பதிவுகளை அழிக்கக் கோரும் விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பதை நம் சட்ட உதவிப் பணியின் வழக்கமாக்க வேண்டும். எதிர்ப்புகாரில் சிக்கிய மாணவர்களுக்கு இது மிகவும் இன்றியமையாதது.

நான்காவதாக, வன்கொடுமைப் புகாரை ஏற்க மறுக்கும் அலுவலர்மீது அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு நடவடிக்கைக்கு இடமளிக்கிறது. புகாரை எழுத்தில் கொடுத்து, அதன் நகலைப் பதிவஞ்சலில் கண்காணிப்பாளருக்கும் அனுப்பி வைத்தால், மறுப்புக்கு ஆவணச் சான்று நம் கையில் இருக்கும்.

இறுதியாக ஒரு கோரிக்கை. பன்னாட்டுக் கோப்புகளுக்கு இருப்பது போலவே, காவல் துறைத் தரவுகளை மேற்பார்வையிடத் துறைக்கு வெளியே தனித்தியங்கும் ஆணையம் ஒன்று மாநிலந்தோறும் வேண்டும். தம்மைப் பற்றிய பதிவை அறியவும், தவறானதை நீக்கவும், குறித்த காலத்துக்குள் விடை பெறவும் குடிமக்களுக்கு உரிமை வேண்டும். அவ்வாணையத்தில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சீர்மரபினரும் உறுப்பினராக இருக்க வேண்டும். குற்றத் தடுப்புக்கு இது தடையாகாது. தவறான பதிவுகள் நிறைந்த கோப்பு, உண்மைக் குற்றவாளியைத் தேடும் அலுவலரையும் தவறான வீட்டுக்கே அனுப்பும். சட்டமன்றத்தின் அடுத்த காவல் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பாக, இக்கோரிக்கையைத் தம் தொகுதி உறுப்பினரிடம் எழுத்து வடிவில் சேர்க்குமாறு தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.